ஆயிரம் ரூபாய்ப் பத்திரம்

“கம்பெனி தர்ற வட்டி எட்டு பர்சென்ட். வெளியில கிடைக்கிறது பத்து. அந்தப் பத்திரத்தை எவன் முழுசா ஆயிரம் கொடுத்து வாங்குவான், மகாராஜா?”

ஜகதீசன் சாரின் மூக்கடைத்த குரல். வந்தது தீபக்கின் தொண்டையிலிருந்து. சரஸ்வதிபுரம் டியூஷன் சென்டரின் மாடிப்படி சிரிப்பில் குலுங்கியது.

விஷயம் இதுதான். ஐந்து வருஷக் கடன் பத்திரத்தின் வெளியீட்டு விலைக்கு, வரப்போகும் பணத்தையெல்லாம் வெளி வட்டியான பத்து பர்சென்ட்டில் இன்றைய மதிப்புக்குக் கழிக்க வேண்டும். சார் போர்டில் எட்டிலேயே கழித்தார். விலை ஆயிரம் என்று வந்தது. தீபக் உட்பட எல்லாரும் பக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

“அய்யய்யோ, என் மண்டையில களிமண்ணா!” என்று சாரே அழித்துவிட்டு, தொள்ளாயிரத்து இருபத்துநாலு என்று திருத்தினார். அப்புறம்தான் வகுப்பு சிரித்தது.

திங்கள்கிழமையானால் சாருக்கு இப்படி ஒரு தப்பு வந்துவிடும்.

“நாலு வாரம், நாலு தப்பு. பரீட்சைக்கு இருபது நாள்தான் இருக்கு. இவரை மாத்தச் சொல்லப் போறேன்” என்றான் தீபக்.

“பாவம்டா, வேலை போயிடும்” என்றாள் கூடப் படிக்கும் பிரதிபா.

“இவரை நம்பினா நம்ம டிகிரி போயிடும், பிரதிபா!”

போர்டில் இருந்த தப்புகளைப் போனில் எடுத்த போட்டோக்களோடு ஓனர் பசவராஜின் அறைக்குள் நுழைந்தான்.

“என்னப்பா தீபக், இன்னிக்கு யார் குரல்ல பேசப் போறே?”

“என் குரல்லதான் சார். பாருங்க, ஜகதீசன் சாருக்குக் கணக்கே தெரியல.”

பசவராஜ் நாலு போட்டோவையும் நிதானமாகப் பார்த்தார்.

“நீ சொல்றது நிஜம்னா இன்னிக்கே அனுப்பிடறேன். அதுக்கு முன்னாடி...” மேஜை டிராயரைத் திறந்தார். “சனிக்கிழமை டெஸ்ட் பேப்பர். திருத்திக் கொடுத்துட்டு, ‘திங்கக்கிழமை கிளாஸ் முடிஞ்ச அப்புறம்தான் பசங்க கையில கொடுக்கணும்’னார். வாராவாரம் இதே கதை. இந்தா உன்னோடது.”

தீபக் பிரித்தான். மூன்றாவது கேள்வி, கடன் பத்திரம். அவனுடைய கோழிக்கிறுக்கலில் எட்டு பர்சென்ட். விடை, ஆயிரம்.

அடியில் சிவப்பு மையில் இரண்டு வரி. பழக்கதோஷம், சாரின் மூக்கடைத்த குரலிலேயே படிக்க ஆரம்பித்தான். பாதியில் அது அவன் சொந்தக் குரலாகிவிட்டது.

“திங்கக்கிழமை இதை என் தப்பா போர்டுல போட்டுத் திருத்திடறேன். உன்னைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டாங்க, மகாராஜா.”