தடித்த சாய்வெழுத்து

காலை வெயில் நேராக அந்தப் பேனரில் விழுகிறது. கட்டுமான நிறுவனத்து ஆட்கள் அதைக் குடியிருப்பின் வாசல் கம்பிகளில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். 'இக்கட்டடம் இடிக்கப்படும். உடனே காலி செய்யவும்.' தடித்த கறுப்பு எழுத்துகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, ஆட்களை முதுகில் கைவைத்து வெளியே தள்ளுவதுபோல நிற்கின்றன. மாடி வீட்டுக்காரி அவற்றையே பார்க்கிறாள். கணினிக்கு எழுத்துரு வடிவமைப்பது அவள் தொழில்; அந்த 'டி'யின் மேல்வளைவை வரைந்தவள் அவள்தான். ஓடும் வண்டியிலிருந்தும் படிக்கும்படி சாய்வைத் திரும்பத் திரும்பத் திருத்தியவள். கீழ்வீட்டுத் தையல்கார அக்கா கண்ணை இடுக்காமல் சத்தமாக வாசிக்கிறாள். "கண்ணாடி இல்லாமலே தெரியுதுடி" என்கிறாள். பேனர் காற்றில் படபடக்கிறது. "நீ எழுத்து வரையிறவதானே? போக மாட்டோம்னு நமக்கும் ஒண்ணு பண்ணிக் குடு. இதே எழுத்துல போடு, அப்பத்தான் அவனுங்க கண்ணுல படும்." மாடி வீட்டுக்காரி தலையை ஆட்டுகிறாள். "இந்த எழுத்த அந்தக் கம்பெனிக்கே, அவங்க விளம்பரத்துக்குன்னு மொத்தமா வித்துட்டேன்க்கா. இனிமே நான் அதத் தொடக் கூடாது." அக்கா பேனரைப் பார்க்கிறாள், பிறகு இவளை. "அப்ப இது நீ வரைஞ்சதா?" பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறாள்.