நோயாளி, வயது இருபத்தாறு

ஆய்வகத்தில் நான் வளர்த்த வைரஸ் எனக்கே தொற்றியபோது, என் வழிகாட்டி நரசிம்மன் சார் முதலில் கேட்டது, "ரத்தம் எடுத்தாச்சா?" காய்ச்சலைப் பற்றிப் பிறகுதான் விசாரித்தார். என் உடம்புக்குள் போன வைரஸ் உருமாறியிருந்தது. மரபணுவில் எந்த இடம் மாறியது என்று கண்டுபிடித்ததும் நான்தான், காய்ச்சல் விட்ட கையோடு உட்கார்ந்து. அதை வைத்து ஆய்வுக் கட்டுரை தயாரானது. கட்டுரையாசிரியர்கள் பட்டியலில் சார் இருந்தார், சாரின் நண்பர் இருந்தார், இசக்கியம்மாளாகிய நான் இல்லை. உள்ளே, 'நோயாளி, வயது இருபத்தாறு, பெண்' என்று கிடந்தேன்.

"நோயாளி யாருன்னு வெளிய தெரியக் கூடாதும்மா. அதுதான் நெறிமுறை" என்றார் சார்.

"எங்க வீட்டுல மொத மொத காலேஜ் வந்தவ சார் நான். எம்பேரு அச்சுல வரணும்."

"எதுக்கு, ஊருல போஸ்டர் ஒட்டவா?" என்று சிரித்தார்.

குணமான பிறகு எடுத்த ரத்தத்தையும் சோதிக்காமல் வெளியிட மாட்டோம் என்று கட்டுரையை அனுப்பிய ஆய்விதழிலிருந்து எழுதியிருந்தார்கள். சாரே என் கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினார். ஊசியை எடுத்ததும் நான் கையை மடக்கிக்கொண்டேன்.

"வேண்டாம் சார்."

"என்ன விளையாட்டு இது? உன் தீசிஸ்ல நான்தான் கையெழுத்துப் போடணும். ஞாபகம் இருக்கட்டும்."

"தீசிஸ் இசக்கியோடது. கை நோயாளியோடது. நோயாளி சம்மதிக்காம ஊசி குத்தக் கூடாது சார். அதுவும் நெறிமுறைதான?"

சார் ஊசியோடு நின்றார். பட்டையை அவரும் அவிழ்க்கவில்லை, நானும் அவிழ்க்கவில்லை. என் விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின.