நெற்றி வெள்ளை

தர்சினியின் கம்பளித் தொப்பியைக் கழற்றச் சொல்லிவிட்டார் குடிவரவு அதிகாரி.

வெளியே பனி. அறைக்குள் ஹீற்றர் கொதித்தது. லண்டன் குளிரில் யாருக்கு வேர்க்கப்போகிறது என்று நினைத்து, காலையில் அவளுடைய முன்மயிரில் கண்மையை அப்பிக் கூட்டிவந்திருந்தேன். சரியான விசரி நான்.

அவளுக்கு நெற்றிக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்குப் பிறவியிலேயே வெள்ளை மயிர். அக்காவுக்கும் அப்படித்தான். எனக்கு இல்லை.

யாழ்ப்பாணத்தில் அக்கா ஷெல் விழுந்து செத்து ஏழு மாதம். சொந்தப் பிள்ளை என்றால் எங்களோடு இங்கே இருக்கலாம், அக்காவின் பிள்ளை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று என் கணவர் விசாரித்துச் சொல்லியிருந்தார். அந்த ஆறு வயதுப் பிள்ளையை, சின்னம்மாவான என்னை அம்மா என்று கூப்பிடப் பழக்கியிருந்தேன்.

அதிகாரியின் மேசைக்குப் பின்னால் மகாராணியின் படம். பக்கத்தில் ஒரு பெண்குதிரையும் குட்டியும். இரண்டுக்கும் நெற்றியில் வெள்ளை.

பிள்ளை படத்தையே பார்ப்பதைக் கண்டு மனிதர் மனம் குளிர்ந்துபோனார். மகாராணி சின்ன வயதிலேயே குதிரை ஏறத் தொடங்கியவராம். அறுபது தாண்டியும் விடவில்லையாம். தன் இலாயத்தில் பிறக்கும் குட்டிகளின் தாய், பாட்டி, பூட்டி எல்லாம் அவருக்கு மனப்பாடமாம். குட்டியின் முகத்தைப் பார்த்தே தாய் எது என்று சொல்லிவிடுவாராம்.

இவ்வளவையும் எனக்குத் தமிழில் சொன்னவள் மெற்றில்டா, மொழிபெயர்க்க வந்தவள். சொல்லும்போது அவள் படத்தைப் பார்க்கவில்லை. தர்சினியைப் பார்த்தாள்.

எனக்கு அதிகாரியிடம் அவ்வளவு பயமில்லை, அவருக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகம்தான். மெற்றில்டாவும் யாழ்ப்பாணத்தவள். எங்கள் ஆட்கள் எந்த ஊர், எந்த இடம், யாருடைய பிள்ளை என்று கேட்டு, மூன்றாவது கேள்வியிலேயே பூட்டி வரைக்கும் போய்விடுவார்கள்.

அதிகாரி எங்கள் பத்திரங்களைப் பிரதி எடுக்க எழுந்துபோனார்.

"எந்த ஊர் நீங்கள்?" என்றாள் மெற்றில்டா.

"மானிப்பாய்," என்று பொய் சொன்னேன்.

"மானிப்பாயில எவடம்?"

பிள்ளையின் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் கண்டேன், தர்சினியின் நெற்றியில் ஒரு கறுப்புத் துளி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே வெள்ளை தெரியத் தொடங்கியிருந்தது. துடைக்க எனக்குக் கை எழவில்லை.

மெற்றில்டா எழுந்து வந்தாள். தன் கைக்குட்டையால் துளியை ஒற்றி எடுத்தாள். பிறகு பிள்ளையின் பின்னலை அவிழ்த்து, பக்கத்து மயிரை இழுத்து வெள்ளைக்கு மேலே விட்டு, இறுக்கிப் பின்னினாள். பழகிய வேலை போல விரல்கள் ஓடின.

"உன்ர அம்மாவுக்கும் நான்தான் இப்பிடிப் பின்னிவிடுறனான்," என்றாள் மெல்ல. "கொன்வென்ற் ஹொஸ்டலில."

தர்சினி வாய் திறக்கப்போனாள். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

கதவு திறந்தது. மெற்றில்டா தன் கதிரைக்குப் போய்விட்டாள். தொடக்கத்திலேயே அவளிடம் கேட்டிருக்கவேண்டிய ஒரு கேள்வியை மறந்துவிட்டதாக அதிகாரி சொன்னார். அதையும் அவளே எனக்குத் தமிழில் சொல்லவேண்டியிருந்தது: வந்தவர்களைத் தெரியும் என்றால் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். மறைத்தால் மொழிபெயர்ப்பவருக்கு வேலை போய்விடும்.

இந்தக் குடும்பத்தை முன்பு தெரியுமா என்று அவர் கேட்டார். அந்த அளவு இங்கிலிஷ் எனக்கும் விளங்கியது.

"நோ," என்றாள் மெற்றில்டா.

மேசைக்குக் கீழே, மை பிரண்ட கைக்குட்டையைக் கறை உள்ளே போகும்படி மடித்து, உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.