இரண்டாவது குரல்

"இந்த வாரம் வந்த ஏலக்கா லோடெல்லாம் இந்த லிஸ்டுல இருக்கும்மா. குரங்கணி லோடு எத்தனை மூட்டைன்னு சொல்லிட்டா வேலை உங்களுக்குத்தான்," என்றார் மேனேஜர் விஜயகுமார்.

பார்வையற்ற பாண்டீஸ்வரிக்கு இது ஆறாவது நேர்காணல். தனக்காகவே கம்ப்யூட்டரில், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் போட்டு வைத்திருக்கிறார்களே என்று சிலிர்த்துப்போனாள். அது தலைப்பைப் படித்தது. பட்டியலுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்?"

"இந்த லிஸ்டை இது படிக்காது சார். என் பென்டிரைவுல வேற ஒண்ணு இருக்கு. போடட்டுமா?"

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு முரண்டு பிடிச்சா இன்னொண்ணு படிக்கும் சார். ரெண்டையும் சேத்துப் பேசவிட்டாத்தான் சந்தைக்கடை."

முதலாவதை மூடி, இரண்டாவதைத் திறந்தாள். அந்தக் குரல் வரிவரியாக மடமடவென்று படித்தது.

"நாப்பத்திரெண்டு மூட்டை சார்."

"குரங்கணிக்காரரு போன்ல சொன்னதும் அதான்." மேனேஜர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "மூணு நாளா இந்த லிஸ்டு எங்கிட்ட வாயே தொறக்கலம்மா."

பாண்டீஸ்வரிக்குப் புரியவில்லை. அதற்குள் ஆபீஸ் உதவியாளர் மகாராணி டீ கொண்டுவந்தாள்.

"சார், டம்ளரு உங்க வலது கைப்பக்கம் வச்சிருக்கேன், சூடு. அக்கா, உங்களுக்கும் அதே பக்கந்தான்."

டம்ளரைத் தேடிய பாண்டீஸ்வரியின் கை பாதியில் நின்றது.

"சார், நீங்களுமா?"

"நானுந்தாம்மா. அந்த ஸ்கிரீன் ரீடரே எனக்குப் போட்டதுதான். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வேலைக்கு வந்துருங்க. அந்தப் பென்டிரைவ மறக்காமக் கொண்டாங்க."