கனவுக்குப் பலன் சொன்னவள்

பல்பினா அத்தை சிரித்த சிரிப்பில், கையிலிருந்த குவாயூசா இலைக் கஷாயம் அவள் மடியிலேயே கொட்டியது. எலோய்க்குச் சிரிப்பு வரவில்லை.

"மறுபடி சொல்லுடா. கூடை நெறைய மரவள்ளிக்கிழங்கத் தூக்கிக்கிட்டு வர்ற மாதிரிதானே கனாக் கண்டே?"

"ஆமா அத்தை. முதுகு ஒடிஞ்சு போற பாரம்."

"அடக் கிறுக்கா, அது கறிடா! துப்பாக்கியோட போனா கூடை நெறையக் கறியோட திரும்புவேன்னு அர்த்தம். இன்னும் என்ன குந்திக்கிட்டிருக்கே?"

எலோய் குவளையைக் கீழே வைத்தான். "போன தடவை இது வந்தப்போ சோய்லா அதைச் சவப்பெட்டின்னு சொன்னாளே! இந்தக் கனா வந்தா காட்டுப்பக்கம் தலைவச்சும் படுக்காதேன்னாளே!"

"உன் பொண்டாட்டியா? அவ அம்மாதான் இந்த நாப்போ ஆத்தங்கரைக்கே கனாப் பலன் சொன்னவ. மக தப்பாச் சொல்வாளா? நீதான் அரைத்தூக்கத்துல கேட்டிருப்பே."

அவன் முழுசாக விழித்துக்கொண்டுதான் கேட்டிருந்தான். ஒன்றரை வருஷமாக, விடியுமுன்னே அடுப்படியில் உட்கார்ந்து கஷாயத்தைக் குடித்தபடி கனவைச் சொல்வான். "இன்னிக்குப் போகாதே" என்பாள் சோய்லா. முதல் குவளையை மட்டும் அவன் வாய் கொப்பளிப்பதற்கென்றே ஆற வைத்திருப்பாள். எழுந்திருக்கும்போதே அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கும். ஈரக்காட்டுக் குளிர் அப்படி.

நேற்று அவள் வீட்டுக்கு வரவில்லை. தான் வேலை பார்க்கும் விலங்குக் காப்பகத்துக்குப் புதிதாக வந்த குட்டிகளுக்குப் பால் புகட்ட அங்கேயே தங்கிவிட்டாள். அதனால்தான், காலையில் எட்டிப் பார்த்த அத்தையின் காதுக்குக் கனவு போய்ச் சேர்ந்தது.

எலோய் விடவில்லை. ஆற்றில் நீந்திய கனவு, புதுச்சட்டை போட்ட கனவு, ஒரு குண்டுப் பெண் வந்து கட்டிப்பிடித்த கனவு என்று நினைவில் இருந்த எல்லாவற்றையும் கொட்டினான்.

"கறி. அதுவும் கறி. அடப்பாவி, கடைசியாச் சொன்னது பன்னிக்கறிடா! உன் வீட்டுக்காரி உன்ன நல்லா மொட்டையடிச்சிருக்கா."

 குறி தப்பாதவன் என்று இந்தக் கரையில் பேர் எடுத்தவன் எலோய். இப்போது மச்சான்மார் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் 'வாழைத்தார் வேட்டைக்காரன்'. துப்பாக்கி மூலையில் துருப்பிடிக்க, கோக்கோவும் வாழையும் வெனிலாக் கொடியும் கலந்து போட்ட தோட்டத்தில் களை வெட்டுகிறான். மருந்தில்லாத விவசாயம் கற்க வரும் வெளிநாட்டுத் தொண்டர்கள் கூடவே நின்று, செடியை வெட்டிவிட்டுக் களையை விட்டுவைப்பார்கள். விளைந்த பழமெல்லாம் காப்பகத்துக் குரங்குகளுக்குப் போகும்.

கனவு தடுக்கிறது, மனுஷன் என்ன செய்ய முடியும் என்று இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருந்தான். கட்டினவளே கழுத்தறுத்திருக்கிறாள் என்று இப்போதல்லவா தெரிகிறது!

துப்பாக்கியைத் துடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நேரே காப்பகத்துக்குப் போனான். சமையலறையில் சோய்லா பப்பாளி நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கூண்டில் ஒரு கம்பளிக்குரங்கு தாவிக்கொண்டிருந்தது. கடைசியாக அவன் வேட்டைக்குப் போனபோது சுட்டு வீழ்த்திய தாயின் முதுகில் ஒட்டியிருந்த குட்டி அது. அன்றைக்கு அதைச் சோய்லா கையில் கொடுத்ததோடு அவன் மறந்துவிட்டான். வேட்டைக்காரனுக்கு இதெல்லாம் சகஜம்.

"மரவள்ளிக் கூடைக்கு என்ன பலன்?"

அவள் கையில் கத்தி நின்றது. "யாரு சொன்னா?"

"பல்பினா அத்தை."

"கறி," என்றாள் சோய்லா.

மழுப்புவாள், மறுப்பாள் என்று அவன் உள்ளூர நம்பியிருந்தான். அது நடக்காததுதான் அதிகம் வலித்தது.

"புதுச்சட்டைக்கு?"

"அதுக்கும் கறிதான்."

"குண்டுப் பொம்பளைக்கு?"

"பன்னி. நெறைய."

பால் புட்டி கழுவிக்கொண்டிருந்த தொண்டர் பெண் அனெகேவுக்கு அவர்கள் பேச்சு புரியாது. முகத்தையும் துப்பாக்கியையும் பார்த்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு நைசாக வெளியே போனாள்.

"இந்தக் காப்பகத்துக்காரங்கதான் சொல்லிக் குடுத்தாங்களா? கொரங்கைக் காப்பாத்தறதுக்குப் புருஷனைக் கவுக்கச் சொன்னாங்களா?"

"அவங்களுக்குக் கனாவப் பத்தி என்ன தெரியும்? நானாத்தான் மாத்திச் சொன்னேன்."

"வேற யாரு ஏமாத்தியிருந்தாலும் போய்த் தொலையுதுன்னு விட்டிருப்பேன், சோய்லா. அம்மாகிட்டகூடச் சொல்லாம ஒவ்வொரு கனாவையும் உன்கிட்ட மட்டுந்தானே கொண்டாந்து கொட்டினேன்?"  தெருவில் மச்சான்மார் சிரித்தபோதெல்லாம் இவள் ஒருத்தி நம் பக்கம் என்று நினைத்தது ஞாபகம் வந்து, அவமானம் பிடுங்கித் தின்றது.

சோய்லா கத்தியைக் கீழே வைத்தாள்.

"இனிமே என் கனாவும் உனக்குக் கெடையாது, உன் பலனும் எனக்கு வேணாம். இதோ, இப்பவே காட்டுக்குப் போறேன். கறியோட வருவேன். சமைக்க இஷ்டமிருந்தா வீட்டுல இரு. இல்லன்னா உங்க ஆத்தா வீட்டுக்கு நடையக் கட்டு."

"போ. நான் தடுக்கல." சோய்லா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவனருகே வந்தாள். வெளியே யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணு. உனக்குக் கேவலமா இருக்கும்னுதான் இத்தன நாளும் இதச் சொல்லல."

"இன்னும் என்ன பொய் மிச்சம் வச்சிருக்கே?"

"அந்தக் கொரங்குக்குட்டியக் கொண்டாந்த நாள்லேருந்து, தெனம் ராத்திரி தூக்கத்துல என் கையப் புடிச்சுக்கிட்டு, 'நாளைக்கு என்னக் காட்டுக்கு அனுப்பாதே'ன்னு கத்திக் கத்தி அழறது நீதான்யா."