கை வைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

நான் கம்ப்யூட்டர் சுவிட்சைத் தட்டியதும் 'டப்' என்று ஒரு சத்தம். மின்விசிறி நின்றது. சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரும் நின்றது.

பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் அது. அரியலூரில் ஏலத்தில் எடுத்து வந்து, ஒரு வருடமாக அதற்கு உயிர் கொடுக்கப் பார்க்கிறேன். இதுவரை ஃபியூஸின் உயிரைத்தான் எடுத்திருக்கிறேன்.

மாவுக் கையோடு வந்தாள் என் மனைவி வெற்றிச்செல்வி. "இனிமே அதுல கை வெச்சீங்க, நான் மனுசியா இருக்க மாட்டேன்!"

ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் மேலதிகாரியையே எதிர்த்துப் பேசுகிறவன் நான். வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. மறுநாளே பழைய இரும்புக்கடை அய்யம்பெருமாளைக் கூட்டி வந்தேன்.

அவர் அறைக்குள் நுழையப் போனார். வெற்றிச்செல்வி வாசலை மறித்து நின்றாள்.

"செருப்பக் கழட்டுங்கண்ணே. கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள செருப்போட வரக்கூடாது."

"எடைக்கு எடுக்க வந்தேம்மா."

"என்னை வேணா எடை போடுங்க. அது இந்த வூட்ட விட்டுப் போவாது."

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் போனதும் மெதுவாகக் கேட்டேன். "நீதானே கை வைக்கக் கூடாதுன்ன?"

"நீங்க வைக்கக் கூடாதுன்னேன்."

"பின்ன யாரு வெக்கிறது?"

"நான்தான். நான் படிச்சப்ப பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர பசங்கதான் தட்டுவானுங்க. பொண்ணுங்க செருப்பக் கழட்டிட்டு, கையக் கட்டி நின்னு பாக்கணும். இப்ப நீங்க ஷிஃப்ட்டுக்குப் போனதும் தினமும் அதுல என் பேரைத் தட்டிப் பாக்குறேன். அது நல்லாத்தான் ஓடுது. எப்பவும் கிரைண்டர் ஓடுறப்பவே சுவிட்சப் போடுற ஒங்களுக்குத்தான் ஓட்டத் தெரியல!"