தண்ணிக்கு வைத்தியம்

“தண்ணிப் பெட்டிக்கு என்ன, கேன்சரா?”

அவர் போட்ட சத்தத்தில் கதிர்வீச்சுப் பிரிவே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் சக்கர நாற்காலியில் மனைவி. தொண்டையில் கட்டி. இன்றுதான் சிகிச்சையின் முதல் நாள். உள்ளே மெஷின் படுக்கையில் அவளுக்குப் பதிலாக ஒரு தண்ணிப் பெட்டி.

“முதல்ல என் பொண்டாட்டி. அப்புறம் உங்க பெட்டி!”

கதிர் அளவைச் சரிபார்க்கும் பிசிக்ஸ் மேடம் அசரவில்லை.

“எவ்வளவு கதிர் பாய்ச்சணும்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டிருக்கு சார். அதே அளவை முதல்ல தண்ணியில பாய்ச்சி, சரியா வருதான்னு அளந்துடுவோம். நேத்து மெஷின் ரிப்பேர். அதான் இன்னைக்கு அளக்க வேண்டியதாப் போச்சு. கொஞ்சம் பொறுங்க.”

“கம்ப்யூட்டருக்கே கணக்குச் சொல்லித் தர்றீங்களாக்கும்!”

“கட்டிக்குப் பின்னாடியே தண்டுவடம் இருக்கு சார். அளவு கூடிப்போனா கை கால் விழுந்துடும்.”

“வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?”

சத்தம் கேட்டுத் தலைமை டாக்டர் வந்தார். என்ன ஏது என்று விசாரிக்கவில்லை. விசாரிப்பதெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை போலும். எல்லார் முன்னாலும் மேடத்தின் மேல் எரிந்து விழுந்தார்.

“எத்தனை பேர் காத்துக் கெடக்காங்க, நீ தண்ணிக்கு வைத்தியம் பாத்துட்டிருக்கியா? அவ்வளவு விலை குடுத்து வாங்கின கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுமா? பெட்டியை எடு. இவங்களைப் படுக்க வை!”

மேடம் கோபத்தோடு உள்ளே போய்ப் பெட்டியை இறக்கி ஓரமாக வைத்தார்.

“டாக்டர்னா இப்படித்தான் இருக்கணும்!” என்றார் கணவர். வரிசையில் இருந்தவர்கள் கைதட்டாத குறைதான்.

மனைவியை மெஷின் அறைக்குள் கூட்டிப்போய், அவரே கைத்தாங்கலாகப் படுக்க வைத்தார்.

வெளியே கண்ட்ரோல் அறையில், டாக்டர் கதவைச் சாத்திவிட்டு மேடத்திடம் குரலைத் தாழ்த்தினார். உள்ளே படுத்திருக்கும் நோயாளியோடு பேசுவதற்கான மைக் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அது ஆன் ஆகியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

மெஷின் அறை ஸ்பீக்கர் கரகரத்தது.

“நாளைக்கு எங்க அக்காவுக்கு ஆரம்பிக்கிறோம். அவளுக்கு மட்டும் பெட்டி வெச்சு அளந்துடு. ஒண்ணுக்கு ரெண்டு தடவையா அளந்துடு, என்ன? கம்ப்யூட்டரை எப்படி நம்புறது?”

கணவரின் கை மனைவியின் தோளிலேயே நின்றுவிட்டது. அவள் அவர் முகத்தையே பார்த்தாள். இருவருக்கும் நன்றாகவே கேட்டிருந்தது.

மெதுவாக அவளைத் தூக்கி உட்கார வைத்தார். விறுவிறுவென்று வெளியே வந்து கண்ட்ரோல் அறைக் கதவை ஓங்கித் தள்ளினார். டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“இவளும் ஒருத்தனுக்கு அக்காதான்யா!”

பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினார். கோபம் அடங்கவில்லை, குரல் மட்டும் உடைந்திருந்தது.

“அந்தத் தண்ணிப் பெட்டியைக் கொண்டாம்மா. முதல்ல உன் பெட்டி. அப்புறம்தான் என் பொண்டாட்டி!”